கூரையில் ஏறிய கங்காணி

கண்காணி என்ற சொல்தான் மருவிக் கங்காணி ஆயிற்று. இலங்கையின் தேயிலை மலைகளுக்கும் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் நம் முன்னோரை அழைத்துச் சென்றவன் அவன். அங்கே அவர்கள் தலைமேல் நின்றவனும் அவனே. விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டான். கொழுந்து குறைந்தாலும், களத்திற்கு வரக் கொஞ்சம் பிந்தினாலும் 'அரைப்பேர்' போட்டான். அரைப்பேர் என்றால் அரை நாள் கூலி. அந்த ஒரு சொல்லால் அடுப்பெரியாமல் போன வீடுகள் எத்தனை எத்தனை!

அந்தக் கங்காணி மலையோடு ஒழிந்தான் என்று எண்ணியிருந்தோம். அவன் ஒழியவில்லை. மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் நாம் கூட்டித் துடைக்கும் கட்டடங்களின் கூரையில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். இப்போது அவனுக்குப் பெயர் கேமரா. பழைய கங்காணிக்கு இரண்டு கண்கள். அவன் தூங்கும் நேரமும் உண்டு. புதியவனுக்கு நூறு கண்கள், தூக்கமே இல்லை. பழையவனிடம் "ஐயா, எனக்குக் காய்ச்சல்" என்று வாய் திறந்து சொல்லவாவது முடிந்தது. புதியவனிடம் அதுவும் முடியாது.

இதை நாம் அலங்காரத்திற்காகச் சொல்லவில்லை. சென்ற மாதம் நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம்.

ஒரு தாளும் மூன்று நாள் கூலியும்

கூட்டத்திற்கு ஒரு சகோதரி வந்திருந்தார். நெல்லைச் சீமையிலிருந்து 20 ஆண்டுகளுக்கு முன் வாழ்க்கைப்பட்டுத் தாராவிக்கு வந்தவர். 12 மாடிக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் காண்ட்ராக்டரிடம் துப்புரவு வேலை செய்கிறார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஆங்கிலத்தில் அச்சடித்த தாள். நம் இளைஞர் ஒருவர் அதைப் படித்துச் சொன்னார். மூன்று தேதிகள்; ஒவ்வொன்றின் எதிரிலும் இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை 'பணியிடத்தில் இல்லை' என்ற குறிப்பு. மூன்று நாளுக்கும் அரை நாள் கூலி வெட்டு. அதே அரைப்பேர்தான்!

அந்த மூன்று நாட்களிலும் நடந்தது என்ன என்று கேட்டோம். முதல் நாள் அவர் கழிப்பறைக்குப் போயிருக்கிறார். அவர் வேலை செய்யும் எட்டாவது மாடியிலேயே பளிங்கு பதித்த கழிப்பறை இருக்கிறது. அதைத் தினமும் கழுவுகிறவரும் அவரே. ஆனால் அதைப் பயன்படுத்த அவருக்கு அனுமதி கிடையாது. அவருக்கென்று ஒதுக்கிய இடம் தரைக்குக் கீழே இரண்டாவது தளத்தில். அதற்குச் சரக்கு ஏற்றும் லிஃப்ட்டுக்குக் காத்து நிற்க வேண்டும், போக வேண்டும், திரும்பி வர வேண்டும். போய்வர 38 நிமிடம் ஆயிற்று என்று கணக்கெழுதிய கம்ப்யூட்டர், அந்த 38 நிமிடம் ஏன் ஆயிற்று என்று எழுதவில்லை.

இரண்டாம் நாள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்ததாக எழுதப்பட்டவர் இவரே அல்ல. அங்கே உட்கார்ந்திருந்தவர் இன்னொரு பெண். மயக்கம் வந்து உட்கார்ந்தவர். இருவருக்கும் ஒரே நீலச் சட்டை, ஒரே தொப்பி, ஏறத்தாழ ஒரே உயரம். மூன்றாம் நாள், மூன்றாவது மாடியில் தேநீர் கொட்டிவிட்டது, உடனே போய்த் துடை என்று சூப்பர்வைசரே வாய்மொழியாக அனுப்பியிருக்கிறார். அவர் சொன்ன சொல் எந்தக் கேமராவிலும் பதியவில்லை.

"அப்படியானால் படத்தைக் காட்டுங்கள்" என்று நம் தோழர்கள் போய்க் கேட்டார்கள். அது கட்டட நிர்வாகத்திடம் இருக்கிறது என்றார் காண்ட்ராக்டர். அது செக்யூரிட்டிக் கம்பெனியின் பொறுப்பு என்றது நிர்வாகம். 15 நாளில் தானாகவே அழிந்துவிடும், இப்போது இல்லை என்றது செக்யூரிட்டிக் கம்பெனி.

படம் அழிந்துவிட்டது, பழி மட்டும் தாளில் நிற்கிறது. இந்த இதழில் நாம் சொல்ல வந்தது அத்தனையும் இந்த ஒரு வரியில் அடக்கம்.

கண்கள் கைகோப்பது எப்படி?

கேமரா என்றால் வாசலில் மாட்டிய ஒரு பெட்டி, திருடன் வந்தால் படம் பிடிக்கும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அது பழைய கதை. இன்று நடப்பது வேறு. அதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்; விளங்காத ஒன்றோடு போராட முடியாது.

வெட்டவெளியில் மனிதனைத் தொடர்ந்து கவனிக்கச் செயற்கைக்கோள் உதவுகிறது. சண்டிகரிலும் நாக்பூரிலும் துப்புரவுத் தொழிலாளரின் மணிக்கட்டில் நகராட்சிகள் ஜி.பி.எஸ். கடிகாரத்தைக் கட்டியது அப்படித்தான். தொழிலாளர்கள் அதை எதிர்த்துக் குரல் கொடுத்ததும் நமக்கு நினைவிருக்கிறது. ஆனால் கூரைக்கும் சுவருக்கும் உள்ளே அந்தக் கோளின் குறிகை சரிவர எட்டாது. ஆகவே, கட்டடத்துக்குள் அந்த வேலையைக் கேமராக்களின் பின்னலிடம் ஒப்படைக்கிறார்கள்.

ஒரு கேமராவின் பார்வையில் ஆள் நுழைந்ததும் கம்ப்யூட்டர் அவரைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, ஓர் எண் கொடுக்கிறது. அவர் நகர நகரக் கட்டமும் நகர்கிறது. அந்தக் கேமராவின் எல்லையைத் தாண்டி அடுத்ததன் எல்லைக்குள் அவர் வரும்போது, "அங்கே பார்த்த ஆள்தானா இங்கே வருவது?" என்று கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கிறது. உடையின் நிறம், உடம்பின் வாகு, உயரம், நடை, முகம் தெரிந்தால் முகம், ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் வர ஆகும் நேரம் ஆகியவைதான் அதன் அடையாளங்கள். ஒத்துப்போவதாகத் தோன்றினால் அதே எண்ணை மறுபடி கொடுத்துவிடுகிறது. இப்படிக் கண்ணுக்குக் கண் கைமாற்றி, ஒரு மனிதர் காலை நுழைந்தது முதல் மாலை வெளியேறும் வரை எங்கே நின்றார், எவ்வளவு நேரம் நின்றார், யாரோடு நின்றார் என்று ஒரு கோடு வரைந்துவிட முடியும்.

இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, கேமராவுக்கும் கேமராவுக்கும் நடுவே இருக்கும் குருட்டு இடங்கள். படிக்கட்டுத் திருப்பமும், கழிப்பறைக்குப் போகும் சந்தும், தூணுக்குப் பின்புறமும் அப்படிப்பட்டவை. அங்கே ஒருவர் இருக்கும் நேரமெல்லாம் கணக்கில் 'இல்லாத' நேரம். இன்னொன்று, ஒரே மாதிரி உடை. உடையைப் பார்த்து ஆளைப் பிரிக்கும் கருவி, பத்துப் பேருக்கு ஒரே சட்டையை மாட்டிவிட்டால் தடுமாறத்தான் செய்யும். மேல்மாடியில் கோட்டு சூட்டோடு நடக்கும் அதிகாரிகள் தத்தம் விருப்பம்போல் உடுத்துகிறார்கள். அவர்களை அது எளிதில் பிரித்தறியும். சீருடை போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தப்படுபவர்கள் நாம். அந்தச் சீருடையாலேயே ஆள் மாறி எண்ணப்படுகிறவர்களும் நாம். சட்டையைக் கொடுத்தவனே அதன் பிழைக்கும் நம்மிடம் கூலி பிடிக்கிறான்!

இந்தக் கருவிகள் ஆள் அறியக் கற்றுக்கொண்ட விதமும் நாம் அறிய வேண்டியதே. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக வளாகத்தில் 2014-இல் எட்டுக் கேமராக்கள் வைத்து, அவ்வழியே நடந்த 2,700-க்கும் மேற்பட்டோரைப் படமெடுத்தார்கள். கேமராவிலிருந்து கேமராவுக்கு மனிதரைத் தொடரும் வித்தையைக் கம்ப்யூட்டருக்குக் கற்பிக்க அந்தப் படங்கள் உலகெங்கும் போயின. சான்பிரான்சிஸ்கோவில் ஒரு காப்பிக் கடைக்குள் இருந்த கேமராவின் படங்களும் இவ்வாறே ஆராய்ச்சிக்குப் போயின. காப்பி குடிக்க வந்தவனுக்கு, தான் பாடப் புத்தகம் ஆனது தெரியாது. கண்டனம் எழுந்த பிறகு 2019-இல் இரண்டையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். படித்த மாணவர்களுக்கே இந்தக் கதி என்றால், காண்ட்ராக்ட் கூலிகளிடம் யார் அனுமதி கேட்கப் போகிறார்கள்?

கேமராவுக்கு நாம் பகைவர்களா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறோம். இரவுப் பணிக்குப் போகும் நம் பெண்களுக்குக் கார் நிறுத்துமிடத்தில் ஒரு கேமரா துணையாகலாம். தீப்பிடித்தால், விபத்து நேர்ந்தால், உண்மையை அது சொல்லலாம். சொசைட்டியில் நகை காணாமற்போய், முதலில் வாட்ச்மேன் சட்டையைப் பிடித்து, பிறகு கேமராவைப் பார்த்து அவரை விட்ட கதைகளும் நம்மிடையே உண்டு. சாட்சியாக நிற்கும்வரை கேமரா நமக்கும் நண்பன்தான்.

நம் வழக்கு வேறு. சாட்சி யார் கையில் இருக்கிறது? யாருக்காகப் பேசுகிறது? யாருக்கு எதிராக வாய் மூடிக்கொள்கிறது? இதுதான் கேள்வி.

நம் சொந்த மண்ணில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 2020 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தில் கைப்பேசிக் கடை நடத்திவந்த ஒரு தந்தையும் மகனும் காவல் நிலையத்திற்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அடித்து நொறுக்கப்பட்டு அடுத்தடுத்து உயிர்விட்டார்கள். காவல் நிலையத்தில் கேமரா இருந்தது. பதிவுகளை நெடுநாள் சேர்த்துவைக்கும் அளவுக்கு இடமும் அந்தக் கருவியில் இருந்தது. ஆயினும் அன்றன்றைய பதிவு அன்றன்றே அழியும்படி அது அமைக்கப்பட்டிருந்ததை, விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் கண்டு எழுதினார். தொழிலாளி கழிப்பறைக்குப் போன நிமிடங்களைக் கேமரா மறப்பதில்லை. லத்தி உயர்ந்த இரவை மறந்துவிட்டது. மறதி கருவிக்கு இல்லை, தோழர்களே! அதை மறக்க வைக்கும் கை யாருடையது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதே 2020-இல், டிசம்பர் 2 அன்று, உச்ச நீதிமன்றம் நாடெங்கும் உள்ள காவல் நிலையங்களுக்கு ஒரு கட்டளை பிறப்பித்தது. வாசல், லாக்அப், நடைவழி என்று எல்லா இடத்திலும் கேமரா வேண்டும். பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். இயலாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. இங்கே கேமரா இருக்கிறது என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் அந்தந்த மாநில மொழியிலும் பெரிய பலகை எழுதி வைக்க வேண்டும். உரிமை மீறப்பட்டவர் அந்தப் பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லிக் கேட்கும் உரிமை உடையவர் என்பதையும் அதில் எழுத வேண்டும். கட்டளை எவ்வளவு தூரம் நிறைவேறியது என்பது வேறு செய்தி. ஆனால் அதற்குள் ஒரு நியாயம் இருக்கிறது. யார் கையில் அதிகாரம் இருக்கிறதோ அவர் மீதும் கண் இருக்க வேண்டும். அதிகாரமற்றவன் கையிலும் அந்தப் பதிவு எட்ட வேண்டும். காவல் நிலையத்திற்குச் சொன்ன அந்த நியாயத்தைத் தொழிற்கூடத்திற்கும் சொல்லுங்கள் என்றுதான் நாம் கேட்கிறோம்.

சட்டம் யார் பக்கம்?

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்: அந்தரங்கம் ஒவ்வொரு குடிமகனுக்கும் அடிப்படை உரிமை. மாளிகையில் இருப்பவனுக்கு மட்டும் என்று அதில் எழுதவில்லை. பிறகு 2023 ஆகஸ்டில் மின்னணு வடிவிலான தனிநபர் தரவுகளைக் காக்க ஒரு சட்டம் வந்தது. நம் முகமும் நடையும் கேமராவில் பதிந்தால் அவையும் தரவுதான். எனவே இது நம்மைக் காக்கும் என்று நினைப்போம்.

புரட்டிப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. பிறர் தரவை எடுக்க ஒப்புதல் வேண்டும் என்பது பொது விதி. ஆனால் 7-ஆம் பிரிவில் ஒரு கதவு திறந்திருக்கிறது. வேலை தொடர்பான காரியங்களுக்காகவும், முதலாளியை இழப்பிலிருந்தோ பொறுப்பிலிருந்தோ காப்பதற்காகவும் ஊழியரின் ஒப்புதல் இல்லாமலேயே அவர் தரவைப் பயன்படுத்தலாம். அடுத்து 11-ஆம் பிரிவு. "என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய், காட்டு" என்று கேட்கும் உரிமை அதில்தான் இருக்கிறது. அதுவோ ஒப்புதல் தந்தவருக்குத்தான். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். தொழிலாளியிடம் ஒப்புதல் கேட்க வேண்டாம். ஒப்புதல் தராததால் பதிவைக் கேட்கும் உரிமையும் அவருக்கு இல்லை! மேலும், ஒருவர் தம் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகச் செய்வதற்கு இந்தச் சட்டமே பொருந்தாது. அப்படியானால் சேட்டு வீட்டுச் சமையலறையில் மாட்டிய கேமராவின் கீழ் பாத்திரம் துலக்கும் நம் தாய்மார்களின் கதி என்ன? இந்தச் சட்டத்திற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்தே நடப்புக்கு வரும் என்று அவையே தவணை சொல்கின்றன.

என்றாலும் கையில் ஆயுதமே இல்லை என்று சோர்ந்துவிட வேண்டாம். உடை மாற்றுமிடம், கழிப்பறை போன்ற இடங்களில் ஒரு பெண்ணை ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் குற்றம். முதல் முறையே ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவும் இதற்கு உண்டு. "பத்திரமாகத்தான் வைத்திருக்கிறோம்" என்று நிர்வாகம் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் களவுபோயின. பரிசோதனை மேசையில் படுத்திருந்த பெண்களின் படங்கள் விலைக்கு விற்கப்பட்டது 2025 பிப்ரவரியில் வெளியாயிற்று. கண் வைத்தவன் பூட்டு வைக்கவில்லை.

வேலை நிலைமைகளை மாற்றுவது பற்றிய விதியும் இருக்கிறது. புதிய ஒழுங்கு விதிகளைக் கொண்டுவரும் முதலாளி 21 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பது 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்திற்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. கேமரா தரும் கணக்கை வைத்துக் கூலி வெட்டுவது புதிய ஒழுங்கு விதி அல்லாமல் வேறென்ன? இந்த வாதத்தைத் தொழிற்சங்கங்கள் கையிலெடுக்க வேண்டும்.

இது நமக்குப் புதிய போராட்டமல்ல

பிழைக்க வந்த இடத்தில் பேசாமல் இருந்துவிட வேண்டும் என்று சிலர் நமக்குப் புத்தி சொல்கிறார்கள். அவர்கள் நம் வரலாற்றைப் படிக்கட்டும்.

தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் 1906-இல் ஒரு கறுப்புச் சட்டம் முளைத்தது. ஆசியர் ஒவ்வொருவரும் பத்து விரல் ரேகையும் பதித்துச் சீட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும். போலீஸ்காரன் கேட்ட இடத்தில் நீட்ட வேண்டும். பிழைக்கப் போனவர்கள்தாமே என்று நம்மவர் அடங்கிப் போனார்களா? 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகானஸ்பர்க்கின் ஹமீதியா மசூதி முன்னே 2,000-க்கும் மேற்பட்ட சீட்டுகளைத் தீயிலிட்டார்கள். தம்பி நாயுடு போன்றவர்கள் திரும்பத் திரும்பச் சிறை சென்றார்கள். தொகையில் சிறியவர்களான தமிழர்கள் சிறைக்குப் போவதில் எல்லோருக்கும் முன்னின்றதைக் காந்தியாரே பலமுறை பாராட்டினார்.

இங்கே இந்தியாவில், 1930-இல், கோலார் தங்கவயல். பூமிக்குள் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் பாறை உடைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து போன ஒடுக்கப்பட்ட மக்கள். சுரங்கத் தொழிலாளர் அனைவரின் கைரேகையையும் பதிவு செய்ய நிர்வாகம் முனைந்தபோது அவர்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டு மட்டும் போராடியவர்களல்லர் நம் முன்னோர். "எங்களைத் திருடர்களாக எண்ணாதே" என்பதற்காகவும் போராடினார்கள். அந்தச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அந்தச் சுரணை மூடப்படவில்லை.

நம் வீட்டுக்குள்ளும் ஒரு பார்வை

பிறரைக் குற்றம் சொல்லும் நாக்கு தன் வாசலையும் பார்க்க வேண்டும். தாராவியில் நம்மவர் நடத்தும் தையல் கூடங்களிலும் தோல் பட்டறைகளிலும் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த கைவினைஞர்களின் தலைக்கு மேல் கேமரா தொங்குகிறது. அவர்கள் உண்பதும் உறங்குவதும் அதே அறையில். திருப்பூரில், கோவையில், வடக்கேயிருந்து வந்த பிள்ளைகளை நம் ஊர் முதலாளிகள் என்ன கண்ணோடு பார்க்கிறார்கள்? 1960-களில் இதே பம்பாயில் 'மதராஸி' என்று சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்டதன் வலியை அறிந்த நாம், அதே கண்ணை இன்னொரு புலம்பெயர்ந்தவன் மீது திருப்பலாமா? நமக்கு ஒரு நியாயம், அவனுக்கு ஒரு நியாயம் என்றால் நம் கோரிக்கைக்கு அறம் ஏது?

இன்னொன்றும் கூறக் கடமைப்பட்டிருக்கிறோம். ஊரில் மனைவியை விட்டுவிட்டு வந்தவர்கள், கூடத்தில் ஒரு கேமராவை மாட்டி, இங்கிருந்தபடி கைப்பேசியில் அவள் வருவதையும் போவதையும் பார்க்கிறார்கள். முதியோருக்குத் துணை என்றால் அவர்களைக் கேட்டுவிட்டு வையுங்கள். மனைவியையும் மகளையும் வேவு பார்க்க என்றால், கூரையில் ஏறிய கங்காணிக்கும் உங்களுக்கும் என்ன வேறுபாடு? தில்லி அரசு 2019-இல் பள்ளி வகுப்பறைகளிலேயே கேமரா வைத்து, பெற்றோர் கைப்பேசியில் பார்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. சதா ஒரு கண்ணுக்குக் கீழ் வளரும் பிள்ளை, நாளைக்கு முதலாளியின் கண்ணைக் கேள்வி கேட்குமா? நம் பிள்ளைகளை நாம் எப்படி வளர்க்கிறோம் என்பதும் இந்தப் போராட்டத்தில் சேர்ந்ததுதான்.

நாம் கேட்பவை ஐந்து

1. எந்தக் கட்டடத்தில் எங்கெங்கே கேமரா இருக்கிறது, யார் பார்க்கிறார்கள், எதற்காக, பதிவு எத்தனை நாள் இருக்கும் என்பதைத் தொழிலாளர் படிக்கும் மொழிகளில் வாசலில் எழுதி வைக்க வேண்டும்.

2. கழிப்பறை, அதற்குச் செல்லும் வழி, உடை மாற்றுமிடம், சாப்பிடுமிடம், இளைப்பாறுமிடம், தொழிலாளர் கூடிப் பேசுமிடம் ஆகியவற்றில் கேமரா கூடாது.

3. திருட்டைத் தடுக்க என்று வைத்த கேமராவைக் கொண்டு நடையையும் நிமிடத்தையும் எண்ணிக் கூலி வெட்டக் கூடாது. கம்ப்யூட்டர் தரும் தாளை மட்டும் ஆதாரமாக வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது.

4. தொழிலாளி மீது பழி சொன்னால், அந்த நாளின் முழுப் பதிவையும் அவருக்கும் அவர் சார்பில் வருபவருக்கும் காட்ட வேண்டும். வெட்டியெடுத்த துண்டைக் காட்டுவது போதாது. படத்தைக் காட்ட முடியாவிட்டால் பழியையும் கைவிட வேண்டும்.

5. புதிய கருவி எது வந்தாலும், மாட்டுவதற்கு முன் தொழிலாளரிடம் அறிவித்துப் பேச வேண்டும்.

இவற்றில் நான்காவதுதான் உயிர்நாடி. மற்ற நான்கும் பிந்தினாலும், இதை உடனே கேட்டுப் பெறலாம். அந்தச் சகோதரியின் கதை இன்னும் முடியவில்லை. அவரோடு வேலை செய்யும் பத்துப் பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து காண்ட்ராக்டரிடம் போனார்கள். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பெண்ணும், தன் கூலி போனாலும் போகட்டும் என்று, "அது நான்தான்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். தேநீர் துடைக்க அனுப்பிய சூப்பர்வைசரும் மறுக்க முடியாமல் நின்றார். இரண்டு நாள் வெட்டு திரும்பக் கிடைத்தது. கழிப்பறைக்குப் போன அந்த முதல் நாள் கூலி மட்டும் இன்னும் வரவில்லை. அதை விடப் போவதில்லை. நூறு கண்ணுள்ள கருவிக்குத் தெரியாததை, பக்கத்தில் நின்று வேலை செய்த பத்துப் பேர் அறிந்திருந்தார்கள்.

முடிவாக, நம் சங்கத்தைப் பற்றி ஒரு சொல். நமது மன்றத்திற்கு எட்டுக் கேமராக்களை இலவசமாக மாட்டித் தருவதாக ஒருவர் முன்வந்தார். செயற்குழு இரண்டு மணி நேரம் விவாதித்தது. இரண்டு முறை மின்விசிறி களவுபோன இடம். வேண்டும் என்று வாதிட்டவர்களின் நியாயமும் சிறியதல்ல. இறுதியில் தெருவாசலுக்கு ஒன்று, படிப்பகத்தின் பின்கதவுக்கு ஒன்று, ஆக இரண்டு போதும், அவற்றையும் நம் பணத்தில் வாங்குவோம் என்று முடிவாயிற்று. கூட்டம் நடக்கும் அறைக்குள் கேமரா இல்லை. இங்கே யார் வந்தார், யார் பக்கத்தில் உட்கார்ந்தார், எதற்குக் கை தூக்கினார் என்பது எந்த முதலாளியின் மேஜைக்கும் போகக் கூடாது.

வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த அறையில் கூடுகிறோம். கேமராக் கணக்கைக் காட்டி உங்களிடம் கூலி பிடித்த தாள் எதுவாக இருந்தாலும் கொண்டு வாருங்கள். தாள் தராமல் வாயால் சொல்லிப் பிடித்திருந்தால் தேதியையும் நேரத்தையும் குறித்து வாருங்கள். 15 நாளில் படம் அழிந்துவிடுகிறது. எனவே தாமதிக்காதீர்கள். தனியாக வராதீர்கள், உடன் வேலை செய்யும் ஒருவரையும் அழைத்து வாருங்கள். அவர்தான் உங்கள் சாட்சி.